தப்பு மொதல்ல

சைரன் அலறியபோது மாடிக் கட்டுப்பாட்டு அறையில் கார்குழலி பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். திடுக்கிட்டதில் மூடி பல்லுக்கிடையில் இரண்டாகப் பிளந்தது.

காலை பதினொன்று பத்து. எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த எண்ணெய் டெர்மினலில் மாதம் ஒரு தடவை சைரன் ஒத்திகை உண்டு. ஒத்திகை என்றால் விட்டு விட்டு மூன்று முறை ஊதும். இது விடாமல் ஊதியது.

பம்ப்பை நிறுத்தும் பொத்தானை ஓங்கி அழுத்திவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். ஏழாம் நம்பர் டேங்குக்குப் போகிற குழாயில் ஓர் இணைப்பு விட்டுப்போய், பாமாயில் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. உறைந்துபோகாமல் இருப்பதற்காகச் சூடேற்றி அனுப்பிய எண்ணெய். ஆவி பறந்தது. பக்கத்தில் நின்ற ஆட்கள் நாலாபக்கமும் சிதறினார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும் எண்ணெயை நோக்கி ஓடினான். தலையில் ஒரு கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு, வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி வழுக்கி, கடைசியில் வால்வுச் சக்கரத்தைப் பிடித்துத் தொங்கினான்.

முகம் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அப்படி ஓடுகிறவன் அந்த டெர்மினலில் மதி ஒருவன்தான்.

நாலு நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. உயிருக்கு ஆபத்து யாருக்கும் இல்லை. மதியின் வலது முன்னங்கையில் மட்டும் வரிசையாகக் கொப்புளங்கள்.

“சாவுகிராக்கி! கையி வெந்து போய்க்கீதுடா!” என்று கீழே இறங்கி வந்த குழலி கத்தினாள்.

“வுடு கொயலி. மாவு கரைச்சி எடுத்தா, அப்டியே பஜ்ஜி போட்டுக்கலாம்,” என்றான் மதி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குழலிக்கும் சிரிப்பு வந்தது.

அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு அதே மதியின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அன்றைய விபத்து அதற்குக் காரணமில்லை. குழலி தன் கையால், ஆசை ஆசையாக டைப் அடித்த பதினாறு வரிதான் காரணம்.

*

குழலிக்கும் மதிக்கும் பதிமூன்று வருடம் முன்பு ஒரே நாளில்தான் அங்கே வேலை கிடைத்தது. இரண்டு பேரும் காண்ட்ராக்ட். இரண்டு பேரும் எம்.கே.பி. நகர். இவள் பிளாக்கிலிருந்து இரண்டு பிளாக் தள்ளி அவன் வீடு. பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து ஒன்றாகத்தான் வேலைக்குப் போவார்கள். குழலி டிப்ளமோ முடித்திருந்தாள். அதனால் எட்டு வருடம் கழித்து அவளுக்கு பர்மனெண்ட் கிடைத்து, இப்போது ஷிப்ட் இன்சார்ஜ். பத்தாவதோடு நின்றுவிட்ட மதி, காண்ட்ராக்டாகவே இருந்தான்.

காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பேர், ‘ஆயில் தோஸ்துங்க’. முப்பத்தோரு பேர். டெர்மினல் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால், குழு உயிர் பெறுவது ரயிலில்தான். யாருக்கும் டைப் அடிக்கப் பொறுமை கிடையாது. எல்லாம் குரல் பதிவுகள். ரயில் தடதடப்பு, சமோசா விற்பவரின் குரல், எவனோ ஒருவனின் தும்மல், இவற்றுக்கு நடுவே ஒருத்தன் சொல்லுவான்: மூணாம் நம்பர் பம்ப்பு இருமுச்சின்னா இன்னா பண்ணணும், மழைக்காலத்துல எந்த வால்வு பிடிச்சிக்கும், எந்த மீட்டரு பொய் சொல்லும்.

அந்தக் குழுவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். அதைப் போட்டவள் முத்தம்மா. எண்ணூர் மீனவக் குப்பத்துக்காரி, பம்ப் ஹவுஸில் சுத்தம் செய்கிறவள். ஆரம்பத்தில் தௌசீஃப் என்ற ஃபிட்டர் எல்லாருக்கும் உபதேசம் பண்ணிப் பதிவு மேல் பதிவாக அனுப்பிக்கொண்டிருந்தான். கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன முத்தம்மா ஒருநாள் சொன்னாள்: “தோ பார் நைனா, நீ எங்க வழுக்கி வுழுந்தியோ அத்த மொதல்ல சொல்லு. அப்பால எப்டி எய்ந்தேன்னு சொல்லு. வுழாதவன் பேச்ச நாங்க கேக்க மாட்டோம்.”

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ‘தப்பு மொதல்ல’ என்று ஆரம்பித்து, தான் பண்ணிய தப்பை ஒத்துக்கொண்ட பிறகுதான் எவரும் யோசனை சொல்லலாம். சொன்ன தப்பை வைத்து ஒரு வாரம் ஓட்டுவார்கள். ஆனால் அது குழுவைத் தாண்டாது. அங்கே மேலதிகாரி ஒருவரும் கிடையாது. குழலி ஷிப்ட் இன்சார்ஜ் ஆனதும் தானே விலகப் பார்த்தாள். மதிதான் விடவில்லை.

“நீ இன்னா ஆபீசரா? நீ நம்ம கொயலி. கம்னு குந்து.”

அவள் உட்கார்ந்தாள்.

போன வருடக் கடைசியில் நிதிஷ் வந்தான். தலைமை அலுவலகம் அனுப்பிய இருபத்தாறு வயதுப் பையன். நல்லவன். ‘அறிவுக் களஞ்சியம்’ என்று ஒரு வெப்சைட்டைத் திறந்து காட்டினான்.

“ஒரு ஷிப்ட்டுக்குத் தெரிஞ்ச விஷயம் அடுத்த ஷிப்ட்டுக்குத் தெரியல மேடம். எல்லாத்தையும் ஒரே இடத்துல சேர்க்கணும். இவங்களுக்குத் தெரிஞ்சதுல கால்வாசிகூட நம்ம மேனுவல்ல இல்ல.”

குழலிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பதிமூன்று வருடமாக அவள் சொல்ல நினைத்ததை ஒரு கோட்டு போட்ட பையன் சொல்கிறான்!

“எங்கிட்ட முன்னூத்தி எண்பது குரல் பதிவு இருக்கு சார்,” என்றாள்.

“பேர் போடணும்னு கட்டாயமில்ல மேடம். ‘பெயர் வேண்டாம்’னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதை டிக் பண்ணிட்டா போதும்.”

“அதெப்படி சார்? பேர் போட்டுத்தான் ஏத்துவேன்.”

அவளுடைய நியாயம் அவளுக்கு. காண்ட்ராக்ட் ஆளின் கேட் பாஸில் காண்ட்ராக்டர் பேர் பெரிதாக இருக்கும், கீழே ஒரு நம்பர் இருக்கும். வருகைப் பதிவிலும் நம்பர்தான். சம்பளச் சீட்டிலும் நம்பர்தான். அந்த டெர்மினலில் ஒரு பலகையிலோ ஒரு காகிதத்திலோ மதி என்றோ முத்தம்மா என்றோ யாரும் எழுதியது கிடையாது. நாளைக்கு ஆள் எடுக்கும்போது, இத்தனை யோசனை சொன்னவன் இவன் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

குழுவில் கேட்டாள். “நம்ம குழலி சொன்னா சரிதான்” என்று இருபது கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. மூன்று மாதம், விடுமுறை நாளெல்லாம் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு டைப் அடித்தாள். சட்டத்தை மீறக்கூடாது என்று தப்பை முதலிலும் யோசனையைப் பிறகும் அடித்தாள். பேருக்குப் பக்கத்தில் போட்டோகூட வைத்தாள், மூலக் குரல் பதிவையும் இணைத்தாள்.

கேன்டீன் கம்ப்யூட்டரில் மதிக்குக் காட்டியபோது அவன் திரையைத் தொட்டுப் பார்த்தான்.

“இன்னா கொயலி, ஸ்கூல் டீசிலகூட என் பேரு இம்மாம் பெரிசா இல்லியே!”

“படிச்சிப் பாருடா.”

படித்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றான். “இந்த ஏழாம் நம்பர் மேட்டரு மட்டும் வேணாமே. தூக்கிடேன்.”

“ஏன்? அதுதாண்டா உன்னோடதுலயே டாப்பு.”

“அதுக்கில்ல…”

“வெக்கப்படாத. எல்லாருந்தான் தப்பு பண்ணிக்கீறோம்.”

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தான். “சரி, உன் இஷ்டம்,” என்று டீ வாங்கப் போய்விட்டான்.

*

சைரன் அடித்த அன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஆடிட் வந்திருந்தது. மூன்று பேர். மீட்டிங் ரூமில் நிதிஷ் அவர்களுக்குக் களஞ்சியத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் எண்ணெய் பீய்ச்சியது. எல்லாம் அடங்கித் திரும்பி வந்து உட்கார்ந்ததும், அவர்களில் ஒருவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: “அந்த டேங்கில் இதற்கு முன் ஏதாவது நடந்திருக்கிறதா?”

நிதிஷ் ‘டேங்க் 7’ என்று அடித்தான். முதல் பக்கத்தில், முதல் வரியில், மதி சிரித்துக்கொண்டிருந்தான்.

எண்ணெய் கொட்டியிருக்கிறது. ரிப்போர்ட் இல்லை. மறைத்திருக்கிறார்கள். மறைத்தவன் இன்னும் அதே டேங்கில் வேலை செய்கிறான். நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள்.

குழலி மேனேஜர் ராசையாவின் அறைக்கு ஓடினாள். ராசையா கெட்ட மனிதர் இல்லை. காலையில் மதியின் கைக்கு மருந்து போடச் சொல்லி வண்டியைக் கொடுத்தவரே அவர்தான்.

“சார், இன்னிக்கு அந்த வால்வை மூடினவனே அவன்தான் சார்.”

“தெரியும்மா. அதையும் எழுதித்தான் குடுத்திருக்கேன். ஆனா பழசு ஒண்ணு ரெக்கார்டுல வந்துடுச்சே. அது நீ எழுதினது.”

“அது… எல்லாரும் கத்துக்கணும்னு அவனாச் சொன்னது சார். அது வந்தப்புறம் இந்த அஞ்சு வருசத்துல ஒரு வடிகால் வால்வுகூட யாரும் திறந்து வச்சிட்டுப் போகலையே!”

“கத்துக்கிட்டாங்க, சந்தோஷம். ஆடிட்காரன் கேக்கறது, அன்னிக்கு ஏன் எங்கிட்ட சொல்லலைன்னு. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

அவள் நிதிஷைத் தேடிப் போனாள். அவன் முகம் வெளுத்திருந்தது.

“அந்த ஒரு பதிவை எடுத்துடுங்க சார்.”

“எடுக்கலாம் மேடம். ஆனா எடுத்ததும் பதிவாகும். யார் எடுத்தாங்க, எப்ப எடுத்தாங்கன்னு. அவங்க ஏற்கெனவே காப்பி எடுத்துட்டாங்க.” திரையை மூடிவிட்டு, “நான் அன்னிக்கே சொன்னேனே மேடம்… அந்தக் கட்டம்…” என்று தொடங்கினான். முடிக்கவில்லை.

வாசலுக்கு அவள் போனபோது மதி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். கையில் வெள்ளைக் கட்டு.

“மதி…”

“திங்கக்கெயம என்கொயரியாம். வந்து சொல்லிட்டா முடிஞ்சிடும். நீ ஏன் மூஞ்ச இப்டி வச்சிகினுகீற? போ, ஷிப்ட்ட பாரு.”

அவன் தனியாக ஸ்டேஷனுக்கு நடந்தான். பதிமூன்று வருடத்தில் ஒரே ஷிப்ட்டில் இருந்தும் அவன் தனியாகப் போனது அன்றுதான்.

*

குழுவில் அன்றைக்கு யாரும் பேசவில்லை. மறுநாள் காலை ரயிலில் குழலி போனைத் திறந்தாள். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது.’ அதற்குக் கீழே அதே வரி. அதற்குக் கீழேயும் அதேதான். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. திருவொற்றியூரில் ரயில் நின்றபோது முதல் ஆள் போனான். ‘தௌசீஃப் வெளியேறினார்.’ கத்திவாக்கம் வருவதற்குள் ஒன்பது பேர்.

பெட்டியின் அந்தக் கோடியில் அவர்களில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் இவள் பக்கம் திரும்பவில்லை.

சனிக்கிழமை டெர்மினல் வாசலில், போனை ஒப்படைக்கும் வரிசையில், முத்தம்மா பின்னாலிருந்து அவள் தோளைத் தட்டினாள். தன் போனை நீட்டினாள்.

“இந்த குரூப்ப வுட்டு எப்டி வெளிய போறது? எனக்குத் தெரியல. காட்டு.”

“முத்தம்மாக்கா…”

“பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க. காட்டும்மே.”

குழலி அந்தப் போனை வாங்கினாள். ‘வெளியேறு’ என்ற இடத்தைத் தேடினாள். நிச்சயமாகவா என்று போன் கேட்டது. முத்தம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழலியே அழுத்தினாள்.

முப்பத்தோரு பேரில் மிஞ்சியது இரண்டு பேர். குழலி, மதி.

*

திங்கட்கிழமை என்கொயரியில் குழலியையும் உட்கார வைத்தார்கள். மதிக்கு எதிரில் இல்லை, பக்கவாட்டில், சாட்சி நாற்காலியில்.

“இதைக் களஞ்சியத்தில் ஏற்றியது நீங்களா?”

“ஆமாம் சார்.”

“மூலப் பதிவு இருக்கிறதா?”

நிதிஷ் கம்ப்யூட்டரில் ஓட்டினான். ரயில் தடதடத்தது. எவனோ பின்னால், “மாமு, காலத் தூக்கி வையி” என்றான். பிறகு ஐந்து வருடத்துக்கு முந்தைய மதியின் குரல்.

“தோஸ்துங்களா, தப்பு மொதல்ல. ஏழாம் நம்பர் டேங்குல அடித்தண்ணி வடிக்க வால்வ தொறந்தேன். தொறந்தேனா, அப்டியே மறந்துட்டேன். கேட்டாண்ட போயிட்டேன்பா. டிபன் டப்பாவ வுட்டுட்டோமேன்னு திரும்பி வந்து பாத்தா, தண்ணியெல்லாம் போய் எண்ணெ ஓடிகினு கீது. குழி ரொம்பி வாசப்படி வரிக்கும் கொளம். ஒண்டியா வாரினேன். இடுப்பு கயண்டுச்சி. அதனால இன்னான்னா, இனிமேட்டு எவன் வடிகால் வால்வ தொறந்தாலும் சாப்பாட்டுப் பைய அந்தச் சக்கரத்துல மாட்டிடு. பைய எடுக்காம எவனும் வூட்டுக்குப் போவ மாட்டான். அவ்ளோதாம்பா மேட்டரு.”

அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு. அது மதியின் சிரிப்பு இல்லை. அன்று ரயிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழலியின் சிரிப்பு. பர்மனெண்ட் ஆர்டர் கைக்கு வந்த வாரம் அது. ஜாங்கிரி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவன் கதையைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். இப்போது அந்த அறையில் அந்தச் சிரிப்பு தனியாகக் கேட்டது.

“இது உங்கள் குரல்தானா?”

“ஆமா சார்,” என்றான் மதி.

“எந்தத் தேதியில் நடந்தது?”

“ஞாபகம் இல்ல சார். வருசம் அஞ்சாச்சி.”

“உங்களுக்கு முந்தைய ஷிப்ட்டில் யார் இருந்தார்கள்? அவர்கள் திறந்து வைத்ததாக இருக்கலாம் இல்லையா?”

கேட்டவர் அவனைக் காப்பாற்றத்தான் ஒரு வழி திறந்துவிட்டார். குழலிக்கு அது புரிந்தது. சொல்லுடா, தெரியாதுன்னாவது சொல்லுடா என்று மனசு அடித்துக்கொண்டது.

“அதெல்லாம் இன்னாத்துக்கு சார்? தொறந்தது நான்தான். எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்தது. காண்ட்ராக்டர் மதியை நீக்கிவிட்டார். அதோடு முடிந்திருந்தால்கூட வேறு இடம் பார்த்திருக்கலாம். அந்தச் சாலையில் இருக்கிற டெர்மினல்களெல்லாம் நீக்கப்பட்டவர்களின் பட்டியலை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும். அதில் நம்பர் போடுவதில்லை. முழுப் பேர்தான் போடுவார்கள். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் இனி எந்த வாசலிலும் அவனுக்குப் பாஸ் கிடையாது.

அதற்குப் பிறகு டெர்மினலில் யாரும் எதையும் சொல்வதில்லை. மூன்றாம் நம்பர் பம்ப் இரண்டு நாள் வினோதமாகச் சத்தம் போட்டது. குழலி இறங்கி வந்து கேட்டாள். அது எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சரிபண்ணும் அளவுக்குப் பழக்கமான கோளாறு. தௌசீஃப் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

“தெரியாது மேடம்.”

பதிமூன்று வருடத்தில் அவன் வாயிலிருந்து முதல் ‘மேடம்’.

*

இரண்டு ஞாயிறு கழித்து, குழலி மதியின் வீட்டுப் படியேறினாள். மூன்றாவது மாடி. கையில் ஒரு கடிதம். தலைமை அலுவலகத்துக்கு அவள் எழுதியது. மதி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

கதவைத் திறந்தவள் சினேகா, மதியின் மனைவி. குழலியின் மடியில் கையை நீட்டித்தான் அவள் தன் கல்யாணத்துக்கு மருதாணி வைத்துக்கொண்டாள். இப்போது அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

“அவரு இல்ல.”

“எங்க போய்க்கீறான்?”

“மாதவரம். லாரி லோடு.”

“அந்தக் கையோடயா?”

உள்ளே தரையில் குந்தி, அலுமினியச் சட்டியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள் முத்தம்மா. எண்ணூரிலிருந்து மீனை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். குழலியைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

“சினேகா, நான் அவனுக்குத் துரோகம் பண்ணணும்னு…”

“எனக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. உங்கள ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு அவரு சத்தியம் வாங்கிக்கீறாரு. அதனால நான் ஒண்ணும் சொல்லல. நீங்க போய்டுங்க.” கதவு மெதுவாக மூடியது. அறைந்து மூடியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

குழலி படியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கதவு மறுபடி திறந்து முத்தம்மா வெளியே வந்தாள். கையெல்லாம் செதில். இரண்டு படி கீழே இறங்கி, சுவரில் சாய்ந்து நின்றாள்.

“இன்னா காயிதம் அது?”

குழலி படித்துக் காட்டினாள். மனிதன் என்றால் தவறுவான், தவறியதைத் தானே முன்வந்து சொன்னவனைத் தண்டித்தால் நாளைக்கு எவன் வாய் திறப்பான் என்று நன்றாகத்தான் எழுதியிருந்தாள். முத்தம்மா கடைசிவரை கேட்டாள்.

“அவன் கையெய்த்து போட மாட்டான்.”

“ஏன் போட மாட்டான்? இவ்ளோ பிடிவாதம் எதுக்கு அவனுக்கு? அன்னிக்கி என்கொயரில தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வுட்டிருப்பாங்க. ஒண்டியா எண்ணெய வாரினவனுக்கு…”

“ஒண்டியா இல்ல. நானுந்தான் வாரினேன்.”

குழலி நிமிர்ந்தாள். “நீயா? ஒண்டியான்னுதானே அவன்…”

“அவன் யார மாட்டிவுட்டான், என்ன மாட்டிவுட? ரெண்டு மணி ஷிப்ட்டுக்கு உள்ள வரான். நான் கூட்டிகினு கீறேன். எண்ணெ வாசப்படிக்கு வந்துகினு கீது. ரெண்டு பேரும் பொயுது சாயற வரிக்கும் பக்கெட் பக்கெட்டா வாரி மறுபடி டேங்குக்கு ஏத்தினோம். யாராண்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கையில அடிச்சி சத்தியம் வாங்கினான்.”

“ரெண்டு மணிக்கு உள்ள வந்தானா? வெளிய போம்போதுன்னு…” குழலி கேட்க வந்ததை அவளே முழுதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. கடிதத்தை மடித்து, எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “சரி, அவன் போட வேணாம். நானே தலைமை ஆபீசுக்கு நேர்ல போறேன். பதிமூணு வருசத்துல எம்மேல ஒரு மெமோ கிடையாது, ஒரு தப்பு கிடையாது. எம் பேச்சக் கேப்பாங்க. அவனுக்காக நான் நின்னு பேசறேன் முத்தம்மாக்கா.”

முத்தம்மா செதில் அப்பிய கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கீழே யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

“உம்மேல மெமோ இல்லாததே அவனாலதாண்டி… அன்னிக்கி அந்த வால்வ தொறந்து போட்டுட்டு பர்மனெண்ட் இண்டர்வியூக்கு ஓடினவ நீ.”